நாய்க்குட்டிக்குப் பணம் கட்டி ஏமாந்தால் தப்பு யாருடையது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: இணையத்தில் ஒரு நாய்க்குட்டியின் படத்தைப் பார்த்து உங்கள் அக்கா பணம் அனுப்பினார். அப்புறம் விமானக் கூண்டுக்கு என்று ஒருமுறை, காப்பீட்டுக்கு ஒருமுறை, தடுப்பூசிச் சான்றிதழுக்கு ஒருமுறை, ஆக நான்கு தடவை கட்டியாயிற்று, குட்டி வரவில்லை. "ஒரு தடவை ஏமாந்தால் சரி, நாலு தடவையுமா?" என்று வீட்டில் எல்லோரும் அவரையே திட்டுகிறார்கள், அவர் இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை. தப்பு யாருடையது, பணம் திரும்ப வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் விலங்கு மருத்துவர், 20 வருடமாக இதே வேலை. குட்டியே இல்லாமல் ஏமாந்தவர்களும் என்னிடம் வருகிறார்கள், குட்டி கைக்கு வந்தும் ஏமாந்தவர்களும் வருகிறார்கள். இரண்டையும் பேசினால்தான் உங்கள் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்ன மாதிரி ஆகும், அதனால் கொஞ்சம் நீளும்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இதைப் படித்து முடிக்கும் முன்பே அக்காவை வங்கிக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். இது மோசடி, பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லி அந்த வங்கிக்கு உடனே தகவல் கொடுங்கள் என்று நேராகச் சொல்லட்டும், தயங்கித் தயங்கிப் பேச வேண்டாம். கார்டில் கட்டிய தொகை இருந்தால், பொருள் வந்து சேரவில்லை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பக் கேட்கலாம், அதற்கு நாள் கெடு உண்டு. கிஃப்ட் கார்டு எண்களை அனுப்பியிருந்தால் அந்தக் கார்டை வெளியிட்ட நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும், அதில் மீதி ஏதாவது இருந்தால் நிறுத்திவைக்க முடியும். கிரிப்டோவாகப் போயிருந்தால் திரும்புவது அரிது, உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் போலீசில் எழுத்து மூலமாகப் புகார். அடையாள அட்டையின் படத்தையும் அவர்களுக்கு அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் சேருங்கள், நாளை அக்காவின் பெயரில் யாராவது கணக்குத் திறந்தால் இந்தப் புகார்தான் அவரைக் காப்பாற்றும். கோபத்தில் அந்த ஆளை பிளாக் செய்து எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டாம். போன் எண், கணக்கு எண், இணையதள முகவரி எல்லாம் தெரியும்படி ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யட்டும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. இன்னும் சில நாளிலோ சில வாரத்திலோ "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது வருவார்கள். வக்கீல் என்பார்கள், சைபர் நிபுணர் என்பார்கள், சில சமயம் போலீஸ் என்றே சொல்வார்கள். முன்பணம் கேட்டால் அது இரண்டாவது மோசடி. ஒருமுறை பணம் கட்டியவர்களின் விவரம் இந்தக் கூட்டத்துக்குள் கை மாறும், பெரும்பாலும் அதே ஆட்களே வேறு பெயரில் வருவார்கள்.

சரி, தப்பு யாருடையது?

"ஏமாறுகிறவன் இருக்கிறவரை ஏமாற்றுகிறவனும் இருப்பான்" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அதிலும் இந்த மோசடி விஷயத்தில் கொஞ்சமும் இல்லை. இது எப்படி நடக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

முதலில் ஒரு உண்மையான வளர்ப்பாளரின் பக்கத்திலிருந்து குட்டிகளின் படங்களைத் திருடுவார்கள். விலை மற்ற இடங்களைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் சந்தேகம் வரும் அளவுக்கு அடிமட்டமாக இருக்காது. சில சமயம் குட்டி இலவசம், அனுப்பும் செலவு மட்டும் போதும் என்பார்கள், அதோடு ஒரு கதையும் வரும்: மகள் இறந்துவிட்டாள், அவள் நாயைத் தினமும் பார்க்க மனசு தாங்கவில்லை, நல்ல வீடாகக் கிடைத்தால் போதும். உங்களிடமே கேள்வி கேட்பார்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா, பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று. பரீட்சையில் தேறிய மாதிரி இருக்கும். நல்ல வளர்ப்பாளர்கள் இப்படிக் கேட்பார்கள் என்று எங்களைப் போன்றவர்கள் பல வருடமாகச் சொல்லிக்கொடுத்த அறிகுறியையே அவர்கள் கற்றுக்கொண்டு விட்டார்கள்.

பணம் போனதும் விற்றவர் ஒதுங்கிக்கொள்வார், அடுத்துப் பேசுவது ஒரு "விலங்குப் போக்குவரத்து நிறுவனம்". அதற்குத் தனி இணையதளம், லோகோ, டிராக்கிங் எண் எல்லாம் உண்டு. எண்ணைப் போட்டால் வரைபடத்தில் ஒரு புள்ளி நகரும், பாதி வழியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் நின்றுவிடும். வெப்பநிலையைச் சீராக வைக்கும் கூண்டு இல்லாமல் ஏற்ற முடியாதாம், அதற்கான தொகை குட்டி வந்து சேர்ந்ததும் முழுதாகத் திரும்பி வருமாம். அதைக் கட்டினால் காப்பீடு, அதையும் கட்டினால் தடுப்பூசிச் சான்றிதழ். கட்ட மறுத்தால் குரல் மாறும்: குட்டி நேற்றிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, இனி தனிமைப்படுத்தும் கூடத்துக்குப் போய்விடும், விலங்கைக் கைவிட்ட குற்றத்துக்காக உங்கள் மேல் வழக்கு வரும்.

இப்போது அந்த நான்கு தடவையைத் திரும்பிப் பாருங்கள். முதல் தடவை அக்கா பணம் கட்டியது குட்டி வேண்டும் என்பதற்காக. அடுத்த மூன்று தடவையும் கட்டியது, அது எங்கேயோ கூண்டுக்குள் பயந்து கிடக்கிறதே என்பதற்காக. மோசடிக்காரன் கை வைத்தது அந்த இரக்கத்தில்தான்.

ஒரு அம்மாவை என்னால் மறக்கவே முடியவில்லை. வெள்ளிக்கிழமை குட்டி வருகிறது என்று திங்கட்கிழமையே என்னிடம் நேரம் வாங்கிவைத்தார். வெள்ளிக்கிழமை வெறும் கூடையோடு வந்தார், உள்ளே துவைத்து மடித்த ஒரு பழைய துண்டு. போனை என்னிடம் நீட்டி, "டாக்டர், இந்தச் சான்றிதழுக்காக இன்னும் கொஞ்சம் பணம் கேட்கிறார்கள், சரியா இருக்கிறதா பாருங்கள்" என்றார். குட்டி பிறந்த தேதி மேலே இருந்தது, ரேபிஸ் தடுப்பூசி போட்ட தேதி கீழே இருந்தது, இரண்டுக்கும் நடுவில் 5 வாரம். அந்த ஊசியைப் பொதுவாக 12 வாரத்துக்கு முன்னால் போடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் குட்டியைக் கொண்டுபோக 12 வாரத்தில் ஊசி, அதற்குப் பிறகு 21 நாள் காத்திருப்பு, அதனால் 15 வாரம் ஆகாத குட்டி வழக்கமாக எல்லை தாண்ட முடியாது. அமெரிக்காவில் 8 வாரம் நிறையாத குட்டியை வியாபாரத்துக்காக ஏற்றி அனுப்பவே விதி இடம் தராது. அந்தக் காகிதம் சொன்ன குட்டி எந்த விமானத்திலும் ஏறியிருக்க வாய்ப்பே இல்லை. "இது போலி அம்மா, குட்டியே இருக்காது" என்று சொன்னேன். அவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கூடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, இல்லையா டாக்டர்?" என்று கேட்டார்.

இதைப் பேராசை என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

முதல் குற்றமும் பெரிய குற்றமும் ஏமாற்றியவனுடையதுதான், அதில் பேச்சுக்கே இடமில்லை. கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் குட்டி தேடியபோது இந்தக் கூட்டங்களுக்கு அமோக அறுவடை. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு கேமரூன் நாட்டவர் மேல் வழக்குப் பதிவானது. இல்லாத குட்டிகளைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டு, வழியில் குட்டிக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டிருக்கலாம், அதற்குத் தனியாகச் செலவாகும் என்று மேலும் மேலும் கறந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இப்படி யோசித்து யோசித்து வலை பின்னுகிறவர்கள் ஒரு பக்கம், வேலை முடிந்து வந்து சோபாவில் உட்கார்ந்து போனில் ஒரு குட்டியின் படத்தைப் பார்க்கும் உங்கள் அக்கா இன்னொரு பக்கம். இந்தப் போட்டியில் தோற்றவரைப் பார்த்து "நீ ஏன் தோற்றாய்" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஆனால் அந்தத் திருடன் தனியாளாக இதைச் செய்துவிட முடியாது. அவன் விளம்பரம் எங்கேயோ ஓட வேண்டும், பணம் ஏதோ ஒரு வங்கிக் கணக்கில் விழ வேண்டும். பழி பேசும்போது இந்த இரண்டு இடமும் எப்போதும் தப்பித்துவிடுகின்றன, என் கோபம் அதில்தான் அதிகம்.

விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் பெட்டர் பிசினஸ் பியூரோ என்ற அமைப்பு 2017-ல் இந்த மோசடி பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. செல்லப்பிராணி தேடும்போது மேலே வரும் கட்டண விளம்பரங்களில் குறைந்தது 80 சதவீதம் போலியாக இருக்கலாம் என்று நிபுணர்கள் கருதுவதாக அதில் இருந்தது. அது அவர்களின் கணிப்பு, எண்ணிப் பார்த்த கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனாலும் இந்த விஷயத்தை அருகில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது ஆச்சரியம் தராது. 2022 ஏப்ரலில் கூகுள் நிறுவனமே கேமரூனைச் சேர்ந்த ஒருவர் மேல் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, இல்லாத பாசெட் ஹவுண்ட் குட்டிகளை விற்கத் தன் சேவைகளைப் பயன்படுத்தினார் என்று. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் உயிருள்ள விலங்கை விற்கிறேன் என்று ஒருவர் வரும்போது நீ யார், எங்கே இருக்கிறாய், குட்டி எங்கே என்று விளம்பரம் வாங்கும் இடத்திலேயே கேட்பதுதான் முதலில் நடந்திருக்க வேண்டிய வேலை. இலவச விளம்பரத் தளங்கள் இன்னும் மோசம். புகார் கொடுத்தால் ஒரு விளம்பரத்தை எடுப்பார்கள், மறுநாள் அதே படம், அதே வாசகம், வேறு பெயர், வேறு போன் எண்.

வங்கிகள் விஷயத்தில் ஒரு நாடு தெளிவாக ஒரு முடிவு எடுத்திருக்கிறது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தன் கையாலேயே உள்நாட்டுக் கணக்குக்குப் பணம் அனுப்பியவருக்கும் வங்கி அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், உச்சவரம்பு 85,000 பவுண்டு. அனுப்பிய வங்கி பாதி, பெற்ற வங்கி பாதி ஏற்க வேண்டும். வாடிக்கையாளர் மிகக் கடுமையான அலட்சியத்தோடு நடந்திருந்தால் வங்கி மறுக்கலாம், அதை நிரூபிக்க வேண்டியது வங்கியின் பொறுப்பு. இதில் எனக்குப் பிடித்தது பெற்ற வங்கியையும் இழுத்தது. மோசடிப் பணம் விழும் கணக்குகள் பெரும்பாலும் வாடகைக்கு விடப்பட்டவை, கமிஷனுக்கு ஆசைப்பட்டோ விவரம் தெரியாமலோ யாரோ ஒருவர் தன் கணக்கைக் கொடுத்திருப்பார். நேற்றுவரை சும்மா கிடந்த கணக்கில் இன்று பத்து ஊர்களிலிருந்து பணம் விழுந்து அரை மணி நேரத்தில் வெளியே போகிறது என்றால் அதைக் கவனிக்கக்கூடிய இடத்தில் இருப்பது வங்கி மட்டும்தான். உங்கள் அக்காவுக்கு அது தெரிய வழியே இல்லை. அவர் கட்டிய நான்கு தொகையும் நான்கு வெவ்வேறு கணக்குகளுக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள், அப்படி இருந்தால் புகாரில் நான்கையும் எழுதுங்கள்.

இனி குட்டி கைக்கு வந்த பிறகு தெரியும் ஏமாற்று. இதில் பணம் மட்டும் போவதில்லை, அதனால் எனக்கு இதைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது.

ஒரு தம்பதி குட்டியோடு வந்தார்கள். 9 வாரம் என்று சொல்லி விற்றிருந்தார்கள், தடுப்பூசிப் புத்தகத்தில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்தும் சீலும் இருந்தன. குட்டியின் வாய்க்குள் விரலை விட்டேன், கடிக்கவில்லை, சப்பியது. வெட்டுப் பற்கள் பாதிதான் வெளியே வந்திருந்தன, பின்பக்க ஈறு வழவழவென்று காலியாக இருந்தது. நாய்க்கு 28 பால்பற்கள், அவை ஏறக்குறைய 8 வாரத்துக்குள் முளைத்துவிடும். இது ஐந்து வாரம்கூட நிறையாத குட்டி, தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்க வேண்டியது. வயிறு உப்பலாக இருந்தது, கொழுகொழுவென்று இருக்கிறது என்று அவர்கள் சந்தோஷப்பட்டிருந்தார்கள், உள்ளே இருந்தது குடற்புழு. இரண்டு ஸ்டிக்கரும் ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதியது போலிருந்தது, போட்ட தேதிகளில் முதலாவது இந்தக் குட்டி பிறப்பதற்கும் முந்தையது. மறுநாள் இரவு ரத்தமாகப் போக ஆரம்பித்தது. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்.

பார்வோ உடம்புக்குள் நுழைந்து நோய் வெளியே தெரிய வழக்கமாக 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகலாம். அதனால் வாங்கிய மறுநாளே குட்டி சுருண்டு விழுந்தால், "உங்கள் வீட்டில்தான் ஏதோ ஆகிவிட்டது" என்று விற்றவர் சொல்வது பொய், கிருமி அங்கிருந்தே வந்திருக்கிறது. இதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வழக்கு என்று போனால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். அப்புறம் அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதம் உயிரோடு கிடக்கும், அதனால் ஒரு குட்டி போன துக்கத்தில் உடனே ஊசி முடியாத இன்னொரு குட்டியை அதே வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. இதைச் சொல்லாமல் விட்டதால் இரண்டாவது குட்டியையும் இழந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

நோயுள்ள குட்டியை ஒன்றிரண்டு நாள் துள்ளலாகக் காட்ட மருந்து ஏற்றி விற்பது பல நாடுகளில் நடக்கிறது. சீனாவில் இப்படி விற்கப்படும் நாய்க்கு "வார நாய்" என்றே பெயர் விழுந்துவிட்டது, ஒரு வாரம்தான் தாங்கும் என்பதால்.

இங்கே என் தொழிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில புத்தகங்களில் இருக்கும் சீல் போலி, ஆனால் சிலவற்றில் இருப்பது அசல் சீல். குட்டியைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கட்டுக்கட்டாகப் புத்தகம் கொடுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் வேறு எதையும் நம்பாவிட்டாலும் மருத்துவரின் சீலை நம்புவார். அந்த நம்பிக்கையை விற்கிறவருக்கு, ஏமாற்றிய வியாபாரிக்குச் சமமான பழி உண்டு என்பது என் உறுதியான கருத்து. கூட வேலை செய்பவர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதும் அந்தப் பழியில் ஒரு பங்குதான்.

குட்டி பிழைத்தாலும் போனாலும் அது யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. குட்டி போட்டுப் போட்டே தேய்ந்துபோகும் ஒரு தாய் நாய் எங்கேயோ இருட்டில் ஒரு கூண்டுக்குள் இருக்கிறது. அப்படி ஒன்றுதான் லூசி என்ற கவலியர் இன நாய். 2013-ல் வேல்ஸில் ஒரு குட்டி உற்பத்திப் பண்ணையிலிருந்து மீட்டார்கள். வருடக்கணக்கில் நெருக்கமான கூண்டுக்குள் கிடந்ததில் இடுப்பு மூட்டுகள் இறுகிப்போய், முதுகெலும்பு வளைந்து, அங்கங்கே முடி கொட்டி இருந்தது. 2016-ல் இறந்துபோனது. அதன் பெயரில்தான் இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: 6 மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் இடைத்தரகர் வியாபாரமாக விற்கக் கூடாது, வளர்த்தவரே, பிறந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும். தாயைக் காட்டு என்ற ஒற்றை நிபந்தனை. மறைத்துச் செய்யும் தொழிலுக்கு அதைவிடப் பெரிய தொல்லை கிடையாது, உடனே வாடகை வீடு பிடித்து வேறு ஒரு நாயைத் தாய் என்று நிறுத்தும் வேலையும் ஆரம்பித்துவிட்டது. அதற்கும் பார்க்கும் வழி உண்டு. பால் கொடுக்கும் தாயின் மடிக்காம்புகள் நீண்டு தொங்கும், குட்டிகள் கண்டதும் அதன் அடியில் முண்டும். காம்பு சின்னதாகச் சுருங்கியிருந்து, குட்டிகள் அதைச் சட்டையே செய்யாமல், அதுவும் குட்டிகளைக் கண்டு விலகிப் போனால் அது அவற்றின் தாயாக இருக்காது.

வாங்குகிறவருக்குப் பொறுப்பே இல்லையா என்றால், உண்டு. ஆனால் ஏமாந்ததற்கான பழியும் வாங்கும்போது இருக்க வேண்டிய பொறுப்பும் ஒன்றில்லை, உங்கள் வீட்டில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். தெரியாமல் வாங்கியவரை நான் ஒருபோதும் குற்றம் சொல்ல மாட்டேன். தெரிந்த பிறகு வாங்குவது வேறு. கார் நிறுத்துமிடத்தில் வைத்து ஒரு பெட்டியைத் திறக்கிறார்கள், உள்ளே நான்கு குட்டிகள், ஒன்று நடுங்குகிறது, கண்ணில் பீளை. இது சரியில்லை என்று உங்களுக்கே தெரிகிறது. ஆனால் இதை இங்கே விட்டுப்போனால் செத்துவிடுமே என்று அதையே வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். அந்த மனசை நான் மதிக்கிறேன், உண்மையிலேயே. ஆனால் அந்தப் பணம் போய்ச் சேருவது அந்தக் குட்டியின் தாயை அடுத்த ஈற்றுக்குத் தயார் செய்கிறவன் கையில். காலியான கூண்டில் அடுத்த வாரமே வேறு குட்டிகள் இருக்கும். அந்த இடத்தில் செய்ய வேண்டியது வெளியே வந்து, வண்டி எண்ணையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, விலங்கு நலத்துறைக்கோ போலீசுக்கோ சொல்வது. கஷ்டம்தான். வெறும் கையோடு திரும்பிவிட்டு வந்து என் முன்னால் அழுதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் செய்தது சரி என்றுதான் அவர்களிடம் சொன்னேன்.

அடுத்த தடவை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். ஒரே விதியாகச் சொல்லச் சொன்னால், குட்டியைத் தாயோடு, அது பிறந்த இடத்தில், நேரில் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். படத்தை இணையத்தில் திருப்பித் தேடுவது, விளம்பர வாசகத்தில் ஒரு வரியை அப்படியே போட்டுத் தேடுவது, இன்றைய தேதியை எழுதிக் குட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் கேட்பது எல்லாம் இன்னும் உதவும்தான், ஆனால் படத்தையும் வீடியோவையும் கணினியே உருவாக்கும் காலத்தில் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. தொலைவிலிருந்துதான் வரவேண்டும் என்றால் போக்குவரத்து நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள், விற்கிறவர் சொல்லும் நிறுவனம் வேண்டாம். இப்பாட்டா (IPATA) என்ற சர்வதேச விலங்குப் போக்குவரத்துச் சங்கம் தன் உறுப்பினர் பட்டியலை வெளிப்படையாக வைத்திருக்கிறது, அதில் பார்க்கலாம். மைக்ரோசிப் இருக்கிறது என்றால் அதன் 15 இலக்க எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள், எண் இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. கிளி தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பொரிக்கத் தயாரான கிளி முட்டைகளைப் பார்சலில் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை 2016-ல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், முறையான அனுமதிகள் இல்லாமல் அது நாடு தாண்டக் கூடாது.

உங்கள் வீட்டு ஆட்களிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். அக்கா நான்காவது தடவை பணம் கட்டும்போது யாரிடமும் சொல்லவில்லை, சரிதானே? முதல் தடவைக்கே திட்டு விழும் என்று பயந்திருப்பார். மோசடிக்காரனுக்கு வேண்டியது அந்தப் பயம்தான். இரண்டாவது தொகை கேட்டபோதே "இது சரியா?" என்று வீட்டில் ஒருவரிடம் கேட்க முடிந்திருந்தால், அடுத்த மூன்று தொகையும் கையில் இருந்திருக்கும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் போலீசுக்குப் போவதில்லை, காரணம் கேட்டால் பணம் போனதைவிட வெளியே தெரிந்தால் அசிங்கம் என்கிறார்கள். புகார் இல்லாததால் அந்தக் கணக்கு முடங்குவதில்லை, அந்த விளம்பரம் இறங்குவதில்லை. இன்று உங்கள் அக்காவைத் திட்டுகிறவர்கள் அடுத்த வீட்டில் யாரோ ஒருவரின் வாயையும் அடைக்கிறார்கள்.

கடைசியாக அக்காவிடம் இதைச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தக் கூடைக்கார அம்மா கேட்ட கேள்வி அவர் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அவர் போனில் வைத்திருக்கும் அந்தப் படத்தைத் திருப்பித் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு வளர்ப்பாளர் தன் பக்கத்தில் போட்ட படமாக இருக்கும். கிடைத்தால் அவருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள், தன் படத்தை வைத்து மோசடி நடப்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், சிலருடைய வாசலில் ஏமாந்தவர்கள் வந்து சண்டை போட்ட பிறகுதான் தெரிய வருகிறது. அந்தக் குட்டி எந்த விமான நிலையத்திலும் பசியோடு கிடக்கவில்லை. அது இந்நேரம் வளர்ந்து பெரிய நாயாகி யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும். அக்கா கட்டாமல் விட்ட ஐந்தாவது தொகையால் அதற்கு எதுவும் ஆகிவிடவில்லை.